பழைய கார்களில் பாசிட்டிவ் எர்த்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களும், அவற்றைப் பழுது பார்க்கும் எலக்ட்ரீஷியன்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பேட்டரியை எந்தப் பக்கம் மாட்டுவது என்று பார்க்காமல் மாட்டியதால் நல்ல ரேடியோவும், எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் கருகிப்போவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஐந்து நிமிஷம் சோதித்திருந்தால் தப்பியிருக்கும். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும், அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

பாசிட்டிவ் எர்த்னா என்ன சார்? எல்லா காரிலும் மைனஸ்தானே பாடியில் இருக்கும்?

காரில் ஒவ்வொரு பல்புக்கும் இரண்டு ஒயர் இழுப்பதில்லை. ஒரு ஒயர்தான் போகும், திரும்பி வரும் வழியாக பாடியும் சேசிஸும் இருக்கும். பேட்டரியின் ஒரு முனையை பாடியோடு இணைத்துவிடுவார்கள். அந்த இணைப்புக்குத்தான் எர்த் என்று பெயர். இன்றைய கார்களில் மைனஸ் முனை பாடியில் இருக்கும், அது நெகட்டிவ் எர்த். பழைய கார்கள் பலவற்றில் பிளஸ் முனை பாடியில் இருக்கும், ஒயர்களில் ஓடுவது மைனஸ். அது பாசிட்டிவ் எர்த்.

வீட்டு மின்சாரத்தில் தரைக்குள் போகிற எர்த்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கார் ரப்பர் டயரில் நிற்கிறது. பாடியைத் தொட்டால் ஷாக் அடிக்குமா என்று சிலர் பயப்படுகிறார்கள். 12 வோல்ட்டில் எந்த முனை பாடியில் இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் ஆகாது.

எந்தெந்த காரில் இது இருக்கும்?

முக்கியமாக பிரிட்டிஷ் கார்கள். பர்மிங்ஹாமின் லூகாஸ் கம்பெனிதான் பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சாதனங்கள் கொடுத்தது. 1930-களின் நடுப்பகுதி வரை அங்கே நெகட்டிவ் எர்த் பரவலாக இருந்தது. அதன்பின் பாசிட்டிவ் எர்த்துக்குப் போய், 1960-களின் பிற்பாதியில் மறுபடி நெகட்டிவ் எர்த்துக்கு வந்தார்கள். மாரிஸ் மைனர் 1948-இல் தொடங்கி உற்பத்தி நின்ற 1971 வரைக்கும் பாசிட்டிவ் எர்த்தாகவே வந்தது. இலங்கையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மைனர்களுக்கு இது நேராகப் பொருந்தும். எம்ஜிபி 1962-இலிருந்து பாசிட்டிவ், 1967 கடைசியில் வந்த இரண்டாம் வடிவத்திலிருந்து நெகட்டிவ். ஜாகுவார் ஈ-டைப்பில் 3.8 லிட்டர் பாசிட்டிவ், 1964-இல் ஆல்டர்னேட்டரோடு வந்த 4.2 லிட்டர் நெகட்டிவ்.

அமெரிக்காவில் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஃபோர்டும் கிரைஸ்லரும் 1955 வரை 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். 1956-இல் 12 வோல்ட்டுக்குப் போனபோது நெகட்டிவ் ஆக்கினார்கள். செவர்லே 6 வோல்ட்டாக இருந்தபோதே நெகட்டிவ்தான். ஜெர்மனியின் பழைய 6 வோல்ட் பீட்டிலும் நெகட்டிவ். ஆக, ‘6 வோல்ட் என்றால் பாசிட்டிவ் எர்த்’ என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 1955-இல் வந்த பேக்கார்டு 12 வோல்ட்டாக இருந்தும் பாசிட்டிவ் எர்த்.

எங்க அம்பாசடர் எது? பழைய மார்க் ஒன்.

அம்பாசடர் பிறந்தது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் தொடரிலிருந்து, அந்த ஆக்ஸ்ஃபோர்டு பாசிட்டிவ் எர்த் வண்டி. ஆனால் அறுபது வருஷத்தில் உங்கள் வண்டியின் ஒயரிங்கில் எத்தனை பேர் கை வைத்தார்களோ. மாடலின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், அடுத்த பதிலில் இருக்கிறபடி நேராகச் சோதித்துவிடுங்கள். இது அம்பாசடருக்கு மட்டும் இல்லை, எந்தப் பழைய காருக்கும்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர் பார்த்தால் போதாதா?

போதாது. சிவப்பு ஒயர் தீர்ந்துபோனால் கறுப்பை மாட்டுவது கடைகளில் சாதாரணம். பேட்டரியிலிருந்து எந்தத் தடித்த கேபிள் நேராக பாடியிலோ கியர்பாக்ஸிலோ போல்ட் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கேபிள் பேட்டரியின் எந்த முனையில் இருக்கிறதோ அதுதான் எர்த். முனை பிளஸா மைனஸா என்பது பேட்டரியின் மேல் பொறித்திருக்கும். தேய்ந்து போயிருந்தால் முனையின் பருமனைப் பாருங்கள். வழக்கமான கார் பேட்டரியில் பிளஸ் முனை தடிமனாக, மேல்புறத்தில் சுமார் 17.5 மி.மீ. இருக்கும். மைனஸ் சுமார் 15.9 மி.மீ.

இதோடு நிறுத்தாமல் மல்டிமீட்டரிலும் பார்த்துவிடுங்கள். சிவப்பு முள்ளை பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் வையுங்கள், கறுப்பு முள்ளை பாடிக்குப் போகாத பேட்டரி முனையில் வையுங்கள். 12 என்று காட்டினால் பாசிட்டிவ் எர்த். மைனஸ் 12 என்று காட்டினால் நெகட்டிவ் எர்த்.

இது பேட்டரி இப்போது எப்படி மாட்டியிருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். வண்டியின் மற்ற சாமான்கள் அதற்கு ஒத்துப்போகின்றனவா என்பது வேறு கேள்வி, அதைக் கீழே பார்ப்போம்.

எதுக்காக பிளஸை பாடியில் வைத்தார்கள்? அந்தக் காலத்தில் தெரியாமல் செய்த தப்பா?

தப்பு இல்லை. இரண்டு காரணங்கள் சொல்வார்கள், இரண்டிலும் சரக்கு உண்டு. முதலாவது ஸ்பார்க் பிளக். பிளக்கின் நடு முனை எஞ்சின் ஓடும்போது நன்றாகச் சூடாகிறது. சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் சுலபமாக வெளியேறும். அதனால் நடு முனை மைனஸாக இருந்தால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி பாயும். பொறிக்கு வேண்டிய உயர்ந்த வோல்டேஜைத் தருவது காயில், பலவீனமான பழைய காயில்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் காயிலுக்குள் சுற்றும் விதத்தை மாற்றினால் எந்த எர்த்திலும் நடு முனையை மைனஸாக வைக்க முடியும், அதனால் இது மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

இரண்டாவது அரிப்பு. ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் இரண்டு உலோகங்களுக்கு நடுவே கரண்ட் கசிந்தால் பிளஸ் பக்கத்து உலோகம்தான் கரையும். ஒயரும் டெர்மினலும் மெல்லிய செம்பு, பாடியோ தடித்த இரும்பு. செம்பை மைனஸாக வைத்தால் அது தப்பிக்கும். தொலைபேசி நிலையங்கள் இன்றும் பிளஸை எர்த் செய்து மைனஸ் 48 வோல்ட்டில் ஓடுவதற்கும் இதே காரணம்தான், மண்ணுக்குள் போகும் செம்புக் கேபிள் அரிக்காமல் இருக்க வேண்டும். கார்களில் இதனால் எவ்வளவு நன்மை கிடைத்தது என்று கேட்டால், கொஞ்சம்தான் என்பது என் அபிப்பிராயம்.

அப்போ பாசிட்டிவ் எர்த் வண்டி பாடி சீக்கிரம் துரு பிடிக்கும்னு சொல்றாங்களே?

பாடி துருப்பிடிப்பதற்குக் காரணம் தண்ணீர், சேறு, கடல் காற்று, பெயின்ட் உரிந்த இடம். பாடி முழுக்க ஒரே முனையில்தான் இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் காற்றில் கரண்ட் ஓடுவதில்லை. போன பதிலில் சொன்ன கசிவு, ஒரு ஒயர் டெர்மினலும் பாடியும் ஈரத்தில் நெருங்கியிருக்கும் இடத்தில் மட்டும்தான் நடக்கும். துருவுக்கு பயந்து எர்த்தை மாற்ற வேண்டாம், அந்தப் பணத்தில் பாடிக்கு அடியில் பெயின்ட் அடியுங்கள்.

சரி, அவ்வளவு நல்லதா இருந்தா ஏன் எல்லாரும் மாறினார்கள்?

ஆல்டர்னேட்டர் வந்தது, டிரான்ஸிஸ்டர் வந்தது. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் சிலிக்கான் டயோடுகள் ஒரு பக்கம்தான் கரண்டை விடும். தலைகீழாகக் கொடுத்தால் நொடியில் கருகும். அதற்கு முன்பு பேட்டரியைச் சார்ஜ் செய்துவந்த டைனமோவை மாதிரி அது இரண்டு பக்கமும் பழகாது. இப்படிப்பட்ட சாமான்கள் பெருகியபோது உலகம் முழுக்க ஒரே முறை இருந்தால்தான் ரேடியோக்காரர், மீட்டர்காரர், ஆல்டர்னேட்டர்காரர் எல்லாருக்கும் வசதி. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஏற்கெனவே நெகட்டிவ் பக்கம் சாய்ந்திருந்ததால் பிரிட்டனும் அங்கே போய்ச் சேர்ந்தது.

பேட்டரி கழற்றும்போது மைனஸ்தான் முதலில் கழற்றணும், அதுதானே சட்டம்?

எர்த்தை முதலில் கழற்ற வேண்டும் என்பதுதான் சட்டம். நெகட்டிவ் எர்த் காரில் எர்த்தும் மைனஸும் ஒன்றாக இருப்பதால் ‘மைனஸ் முதலில்’ என்று பழகிவிட்டது. பாசிட்டிவ் எர்த் காரில் பிளஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். ஸ்பேனர் தவறி பாடியில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் புரியும். எர்த் முனையில் ஸ்பேனர் இருக்கும்போது பாடியில் பட்டால் ஒன்றும் ஆகாது, இரண்டும் ஒரே முனை. மற்ற முனையில் ஸ்பேனர் இருக்கும்போது பட்டால் முழு பேட்டரியும் ஷார்ட். ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும், பேட்டரி வெடித்தாலும் வெடிக்கும்.

மெக்கானிக் புது பேட்டரியை மாற்றி மாட்டிட்டார். வண்டி ஸ்டார்ட் ஆச்சு, லைட்டும் எரியுது. அப்போ பரவாயில்லையா?

ஸ்டார்ட் ஆனதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். பல்பு, ஹார்ன், செல்ஃப் மோட்டார், பாயிண்ட் (திறந்து மூடும் தொடுமுனை) வைத்த இக்னிஷன் எல்லாம் இரண்டு பக்கமும் ஓடும். ஆபத்து டைனமோவில் இருக்கிறது. அதன் இரும்பில் பழைய திசையிலேயே கொஞ்சம் காந்தம் மிச்சம் இருக்கும், அதனால் பழைய முனையிலேயே கரண்ட் எடுக்கும். எஞ்சின் வேகம் ஏறியதும் கட்-அவுட், அதாவது டைனமோவை பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் ரிலே, மூடி இரண்டையும் இணைக்கும். அப்போது ஒரு பக்கம் பிளஸ் 12, மறுபக்கம் மைனஸ் 12க்கு மேல். இரண்டும் மோதினால் 24 வோல்ட்டுக்கு மேல் கட்-அவுட் பாயிண்ட்டில் பாயும். பாயிண்ட் ஒட்டிக்கொள்ளும், டைனமோவும் ஒயரும் சூடாகும்.

உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பேட்டரியைச் சரியான பக்கம் திருப்பி மாட்டுங்கள். கட்-அவுட்டின் மூடியைத் திறந்து பாயிண்ட் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மோதலில் டைனமோவின் காந்தத் திசையே மாறியிருக்கலாம், அதனால் கீழே டைனமோ பதிலில் இருக்கும் வேலையைப் பழைய முனைக்கு ஏற்றபடி செய்துவிடுங்கள். வண்டியில் ஆல்டர்னேட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன், புது ரேடியோ எது இருந்தாலும் அதைச் சோதிக்காமல் ஓட்ட வேண்டாம்.

பிளஸ் மைனஸ் மாறினா செல்ஃப் மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தாதா?

சுற்றாது. பழைய செல்ஃப் மோட்டாரில் நிரந்தரக் காந்தம் இல்லை, கரண்ட் பாய்ந்தால் காந்தமாகும் ஃபீல்டு காயில்தான். கரண்ட் திசை மாறினால் ஃபீல்டிலும் மாறும், சுழலும் பாகமான ஆர்மேச்சரிலும் மாறும், இரண்டும் சேர்ந்து மாறுவதால் சுழற்சி அதே பக்கம்தான். ஃபீல்டு காயில் வைத்த வைப்பர் மோட்டாரும் அப்படித்தான். நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார் மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும். ஹீட்டர் ஃபேன் சிலவற்றில் அது இருக்கும். காற்று குறைவாக வந்தால் அதன் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போடுங்கள்.

நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிடலாமா, அப்படியே விடலாமா? நீங்க என்ன சொல்றீங்க?

வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்கிறது, டைனமோ நன்றாகச் சார்ஜ் செய்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறீர்கள் என்றால் தொடவே வேண்டாம். பாசிட்டிவ் எர்த்தில் ஓடுவதால் வண்டிக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த வண்டியின் சரித்திரத்தில் அதுவும் ஒரு பாகம், அதைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இரவில் அடிக்கடி ஓட்டுகிறீர்கள், ஆல்டர்னேட்டர் வேண்டும், நல்ல ரேடியோ வேண்டும் என்றால் மாற்றலாம். லூகாஸ் சி40 டைனமோ கொடுப்பது 22 ஆம்பியர் அளவுதான். ஹெட்லைட், வைப்பர், ஃபேன் சேர்ந்தால் அது திணறும். ஆனால் மாற்றினால் முழுதாக மாற்றுங்கள். பாதி மாற்றம்தான் எல்லாவற்றிலும் மோசமானது.

மாற்றுவது என்றால் பேட்டரியைத் திருப்பி வைத்தால் போதுமா?

அது முதல் வேலை மட்டும். பேட்டரி முனைகளின் பருமன் வேறு என்று மேலே சொன்னேன். அதனால் கேபிளின் க்ளாம்ப்களையும் மாற்ற வேண்டும். பழைய லூகாஸ் பேட்டரிகளில் தொப்பி மாதிரிக் கவிழ்த்து நடுவில் ஸ்க்ரூ போடும் டெர்மினல் இருக்கும். அதைப் பிளஸ் முனைக்கு வேண்டிய அளவுக்குத் தட்டிப் பெரிதாக்கப் பார்ப்பார்கள், அது வேண்டாம், புதிது போடுங்கள். அதன்பின் டைனமோவைப் புது முனைக்குப் பழக்க வேண்டும், காயில் ஒயர்களை மாற்ற வேண்டும், ஆம்பியர் மீட்டர் ஒயர்களை மாற்ற வேண்டும், வண்டியில் எலக்ட்ரானிக்காக என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ஒவ்வொன்றும் கீழே தனியாக இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் பேட்டரிக்குப் பக்கத்தில், பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில், ‘நெகட்டிவ் எர்த்’ என்று அழியாத ஸ்டிக்கர் ஒட்டுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் எலக்ட்ரீஷியன் புத்தகத்தைப் பார்த்துப் பழையபடி மாட்டிவிடாமல் இருக்க வேறு வழி இல்லை.

டைனமோவை ‘போலரைஸ்’ பண்ணணும்னு சொன்னாங்க. எப்படி?

டைனமோவின் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தைப் புதுத் திசைக்குத் திருப்புவதுதான் அது. லூகாஸ் டைனமோவுக்கு முறை இது. பேட்டரியைப் புது முறையில் மாட்டுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டைனமோவில் இரண்டு டெர்மினல் இருக்கும், பெரியது டி, சிறியது எஃப். இரண்டு ஒயரையும் கழற்றுங்கள். பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு தனி ஒயர் எடுத்து வந்து எஃப் டெர்மினலை ஓரிரு நொடி தொட்டு எடுங்கள், இரண்டு மூன்று தடவை. சின்னப் பொறி வரும், அது சரிதான். தொட்டு எடுப்பது டைனமோ பக்கத்தில் இருக்கட்டும். பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும், அங்கே பொறி கூடாது. கட்-அவுட் பாக்ஸின் டெர்மினலில் இதைச் செய்யவும் வேண்டாம்.

சோதிப்பதற்கு, ஒயர்கள் கழன்றிருக்கும்போதே டி, எஃப் இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து, மல்டிமீட்டரின் சிவப்பை அதிலும் கறுப்பை டைனமோ உடம்பிலும் வைத்து எஞ்சினை ஐட்லிங்கில் ஓட்டுங்கள். பிளஸ் வோல்டேஜ் காட்டினால் டைனமோ நெகட்டிவ் எர்த்துக்கு வந்துவிட்டது. இந்த நிலையில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள், கட்டுப்பாடு இல்லாமல் வோல்டேஜ் ஏறும். அமெரிக்க டைனமோக்கள் பலவற்றில் உள் இணைப்பு வேறு, அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள்.

லூகாஸின் ரிலே வகைக் கட்-அவுட் பாக்ஸை மாற்ற வேண்டியதில்லை, இரண்டு எர்த்திலும் வேலை செய்யும். அதே பாக்ஸுக்குள் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை ஒளித்து வைத்து விற்கிறார்கள். மூடியைத் திறந்து பார்த்து, உள்ளே சர்க்யூட் இருந்தால் அது எந்த எர்த்துக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

காயில் ஒயரை மாற்றாமலே வண்டி ஓடுதே, எதுக்கு மாற்றணும்?

ஓடும், ஆனால் பிளக்கில் பொறி தலைகீழாகப் பாயும். நடு முனை மைனஸாக இருந்தால் நல்லது என்று மேலே பார்த்தோம். பேட்டரி மட்டும் மாறி காயில் மாறாவிட்டால் நடு முனை பிளஸ் ஆகிவிடும், அதிக வோல்டேஜ் தேவைப்படும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பதும், மேட்டில் அழுத்தும்போது மிஸ்ஸிங் வருவதும் இதனால் இருக்கலாம். கழற்றிய பிளக்கில் வெளி முனை குழிந்து தேய்ந்திருந்தால் அதுவும் ஓர் அடையாளம்.

காயிலில் பிளஸ், மைனஸ் குறி இருந்தால் வேலை சுலபம். நெகட்டிவ் எர்த்தில் சாவியிலிருந்து வரும் ஒயர் பிளஸுக்கு, டெல்கோவுக்கு (பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) போகும் ஒயர் மைனஸுக்கு. பாசிட்டிவ் எர்த்தில் நேர்மாறு. பழைய லூகாஸ் காயிலில் எஸ்டபிள்யூ, சிபி என்று போட்டிருக்கும். எஸ்டபிள்யூ சாவிக்கு, சிபி டெல்கோவின் பாயிண்ட்டுக்கு என்பது பாசிட்டிவ் எர்த் காலத்துக் கணக்கு. எர்த்தை மாற்றினால் அந்த இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள். எழுத்துக்கும் ஒயருக்கும் ஒத்துப்போகவில்லையே என்று அடுத்தவர் திருப்பிப் போட்டுவிடுவார், அதனால் புதுக் காயில் வாங்குவது நல்லது.

மாற்றின பிறகு ஆம்பியர் மீட்டர் சார்ஜ் ஆகும்போது டிஸ்சார்ஜ் காட்டுது. மற்ற மீட்டர்களுக்கு என்ன ஆகும்?

ஆம்பியர் மீட்டரின் பின்னால் இரண்டு ஒயரையும் மாற்றிப் போடுங்கள், சரியாகிவிடும். சில மீட்டர்களில் ஒயர் டெர்மினலுக்குப் போகாமல் ஒரு வளையத்துக்குள் புகுந்து போகும். அதில் ஒயரை எதிர்ப்பக்கமாகப் புகுத்த வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இந்த வேலையைச் செய்யுங்கள், அந்த ஒயருக்கு ஃப்யூஸ் கிடையாது.

பெட்ரோல் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் சூட்டில் வளையும் தகடு வைத்தவை என்றால் எந்த எர்த்திலும் சரியாகக் காட்டும். அவற்றுக்கு வோல்டேஜ் கொடுக்கும் பழைய ஸ்டெபிலைசரும் அதே மாதிரித் தகடு வைத்ததுதான். புதிதாக வாங்கும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசருக்கு மட்டும் எர்த் பார்க்க வேண்டும். ஆர்பிஎம் மீட்டர் கேபிளில் ஓடுவது என்றால் கவலை இல்லை. மின்சாரத்தில் ஓடும் ஸ்மித்ஸ் மீட்டர் என்றால் பேட்டரியை மாற்றும் முன்பே அதன் ஒயரைக் கழற்றிவிடுங்கள். உள்ளே டிரான்ஸிஸ்டர் இருக்கிறது. அதை உள்ளேயே மாற்றி அமைக்க வேண்டும், மீட்டர் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எஸ்யூ எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் இருக்கு. அதை மாற்றணுமா?

பாயிண்ட் வைத்த பழைய பம்ப் எந்தப் பக்கமும் ஓடும். பிற்காலத்தில் பாயிண்ட் கருகாமல் இருக்க உள்ளே டயோடு வைத்தார்கள், அந்த பம்ப்பில் எர்த் குறி போட்டிருக்கும். பாயிண்ட்டே இல்லாத எலக்ட்ரானிக் பம்ப்புக்கும் குறி பார்த்துத்தான் மாட்ட வேண்டும். குறி தெரியவில்லை என்றால் மூடியைத் திறந்து பாருங்கள்.

எர்த்தை மாற்றாமலே போன் சார்ஜர் போட முடியாதா? சிகரெட் லைட்டர் ஓட்டைக்கு ஒயரை மாத்திக் கொடுத்தா போதும்னு சொல்றாங்க.

ஒயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அந்த ஓட்டையின் வெளி உலோகம் மைனஸ் ஆகும். சுற்றியிருக்கும் டேஷ்போர்டு இரும்போ பிளஸ். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் ஷார்ட். போனிலிருந்து ரேடியோவுக்கு ஒரு ஆடியோ ஒயர் போட்டால் அதன் வழியாகவும் ஷார்ட் ஆகும். உள்ளீடும் வெளியீடும் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டாத வகை டிசி கன்வெர்ட்டர் கிடைக்கிறது. அதன் வழியாகக் கொடுத்தால் வெளியீட்டின் மைனஸை பாடியில் வைத்தாலும் ஆபத்தில்லை. வாங்கும்போது உள்ளீடு வெளியீடு தனித்தனியா என்று கேட்டு வாங்குங்கள், சாதாரணக் கன்வெர்ட்டரில் மைனஸ் இரண்டும் ஒன்றாக இருக்கும், அது இங்கே உதவாது.

புது ரேடியோவுக்கும் இதே கதைதான். அதன் உலோகப் பெட்டி மைனஸ், ஏரியலின் வெளிச் சுற்றும் மைனஸ், ஏரியல் மட்கார்டில் மாட்டியிருக்கும். பெட்டியை ரப்பரில் வைத்துவிட்டு ஏரியலை மறந்துவிடுவார்கள், அங்கே ஃப்யூஸ் போகும், இல்லை என்றால் ரேடியோ போகும்.

எல்இடி பல்பும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் பாசிட்டிவ் எர்த்துக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். எல்இடி பல்பில் இரண்டு பக்கமும் எரியும் வகை உண்டு, அதை வாங்கினால் யோசிக்க வேண்டியதில்லை. இண்டிகேட்டரில் எல்இடி போட்டால் பழைய ஃப்ளாஷர் துடிக்காது. எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் வேண்டும், அதுவும் உங்கள் எர்த்துக்கு ஏற்றதாக வேண்டும். எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் பாசிட்டிவ் எர்த்துக்கு என்றே தனியாக விற்கிறார்கள். பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் மாட்டினால் சாவியைப் போட்டதும் போய்விடும்.

பாசிட்டிவ் எர்த்தோடவே ஆல்டர்னேட்டர் போட வழி இருக்கா?

வழி இருக்கிறது. பாசிட்டிவ் எர்த்துக்காகவே டயோடுகளைத் திருப்பி வைத்துச் செய்த ஆல்டர்னேட்டர்கள் உண்டு. வெளியே பார்க்க டைனமோ மாதிரியே இருக்கும் வகையும் வருகிறது. விலை கூடுதல். சாதாரண ஆல்டர்னேட்டரை பாசிட்டிவ் எர்த் வண்டியில் நேராகப் போடவே முடியாது, பேட்டரியை இணைத்த அதே நொடியில் டயோடு போகும்.

ஒயரிங்கைத் திறந்தா கறுப்பு ஒயரில் பிளஸ் வருது. யாரோ குழப்பிட்டாங்களா?

குழப்பம் இல்லை. லூகாஸ் கலர் முறையில் கறுப்பு என்றால் எர்த், மைனஸ் என்று பொருள் இல்லை. பாசிட்டிவ் எர்த் வண்டியில் கறுப்பில் பிளஸ் வருவதுதான் சரி. பிரவுன் ஃப்யூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி வழியாக வருவது, பச்சை சாவிக்கும் ஃப்யூஸுக்கும் பிறகு வருவது. பாசிட்டிவ் எர்த்தில் இவை எல்லாம் மைனஸ். எர்த்தை மாற்றினாலும் கலர்கள் அதே பொருளில் இருக்கும், ஒயரிங்கைப் பிரிக்க வேண்டியதில்லை.

எம்ஜிபி-யில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கு. எதைத் திருப்புவது?

இரண்டும் தொடராக இணைந்து 12 வோல்ட் தருகின்றன. ஒன்றை மட்டும் திருப்பினால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யம் ஆகிவிடும். இரண்டையும் திருப்பி, நடுவில் இணைக்கும் கேபிள் ஒன்றின் பிளஸிலிருந்து மற்றதன் மைனஸுக்குப் போகிறதா என்று பாருங்கள். இரண்டு ஓர முனைகளுக்கு நடுவே 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டு எர்த்தை மாட்டுங்கள்.

பேட்டரி இறங்கிடுச்சு. பக்கத்து மாருதியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் பண்ணலாமா?

பிளஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ். எர்த் எதுவாக இருந்தாலும் பேட்டரிக்கு பேட்டரி இதுதான். ஆனால் ஒரு காரின் பாடி பிளஸ், மற்றதன் பாடி மைனஸ். இரண்டு காரும் பம்பரிலோ கதவிலோ தொட்டுக்கொண்டால் இரண்டு பேட்டரியும் ஷார்ட். நடுவில் ஓர் ஆள் நடந்து போகும் இடைவெளி விடுங்கள், வேறு ஒயரோ சங்கிலியோ இரண்டையும் இணைத்திருக்கக் கூடாது.

மைனஸ் கேபிளை முதலில் மாட்டுங்கள், இரண்டு பேட்டரியின் மைனஸுக்கும் நடுவே. அப்புறம் பிளஸ் கேபிளை மாருதியின் பிளஸில் மாட்டி, அதன் மறுமுனையைப் பழைய காரின் எஞ்சின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். அங்கே எஞ்சின்தான் பிளஸ். ‘கடைசி க்ளிப் கறுப்பு, எஞ்சினில்’ என்ற பழக்கத்தில் கறுப்பை அங்கே வைத்தால் மாருதியின் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும். புதுக் காரின் எலக்ட்ரானிக்ஸை நினைத்தால், ஒரு தனி பேட்டரியைக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்வதையே நான் சிபாரிசு செய்வேன். வீட்டில் சார்ஜர் போடும்போதும் பிளஸுக்கு பிளஸ்தான். எர்த் கேபிளைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

வாங்கப்போகும் வண்டியில் டைனமோ இருக்கு, பேட்டரி நெகட்டிவ் எர்த். முழுசா மாற்றினதா பாதியா என்று எப்படித் தெரியும்?

எஞ்சினை ஓடவிட்டு வேகம் ஏற்றும்போது பேட்டரி முனைகளில் வோல்டேஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். 12.5-இலிருந்து 14 பக்கம் போனால் டைனமோ மாறியிருக்கிறது. ஆம்பியர் மீட்டர் அப்போது சார்ஜ் பக்கம் சாய வேண்டும், எஞ்சினை நிறுத்தி ஹெட்லைட் போட்டால் டிஸ்சார்ஜ் பக்கம் சாய வேண்டும். காயிலில் சாவி ஒயர் பிளஸில் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்டபிள்யூ, சிபி எழுத்து இருந்தால் சாவி ஒயர் சிபி-யில் இருக்க வேண்டும். பாதி மாற்றத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் காயில்தான்.

ஒரு பிளக்கைக் கழற்றி வெளி முனையையும் பாருங்கள். எலக்ட்ரிக் ஆர்பிஎம் மீட்டர் செத்துக் கிடந்தால் பேட்டரியைத் திருப்பிய அன்றைக்கே அது போயிருக்கலாம், அதைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேட்பதில் தப்பில்லை. பேட்டரி பக்கத்தில் ஸ்டிக்கர் இல்லை என்றால், வண்டி உங்கள் கைக்கு வந்த அன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.